கூட வந்தவர்

நர்ஸ் நீட்டிய தாளில் ‘உறவு’ என்ற கட்டத்தில் மகன் என்று எழுதினான். அவள் அதைப் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். காய்கறிக் கடையில் மயங்கி விழுந்த பெரியவருக்குக் கொஞ்ச நேரம் நினைவு இருந்ததாம். கூட யார் என்று கேட்டதற்கு, யாரும் வரவில்லை, தனி ஆள் என்று இந்த ஊர் மொழியிலேயே சொன்னாராம். சட்டைப்பையிலிருந்த மாத்திரைச் சீட்டை வைத்து மருந்துக்கடையில் விசாரித்து, இவன் நம்பரைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு இந்த மொழியில் நன்றி சொல்லக்கூட வராதே.

முப்பது வருஷம் ஹாஸ்டல் சமையலுக்குக் காய் வாங்கிப் போட்டவர் அப்பா. இங்கே வந்த நாள் முதல் ஃப்ரிட்ஜிலிருந்த பாக்கெட் காயைப் பார்த்து, “இது எப்போ செத்துச்சோ” என்பார். தொல்லை தாங்காமல் போன மாதம் அவனே கடைக்குக் கூட்டிப் போனான். வெண்டைக்காயைக் கண்டதும் மனுஷருக்கு உயிர் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது கூடைக்கு, வளைந்தது பழைய இடத்துக்கு. கடைக்காரப் பெண் ஓடிவந்து கத்தினாள். சுற்றிலும் திரும்பிப் பார்த்தவர்களில் அவனுடைய மேலதிகாரியின் மனைவியும் இருந்தாள். மானம் போகிறதே என்று, “இவர் என்கூட வந்தவரில்லை” என்று இந்த ஊர் மொழியில் சுத்தமாகச் சொல்லிவிட்டான். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தான், பாவி.

பெஞ்சில் மனைவியும் ஒன்பது வயது மகளும் அழுது ஓய்ந்திருந்தார்கள். நர்ஸ் சொன்னதை மனைவியிடம் சொன்னான். யார் இவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்றான்.

“நான்தாம்பா,” என்றாள் மகள். “கடையில நீங்க சொன்னத தாத்தா அப்படியே சொல்லிக் காட்டி, அர்த்தம் கேட்டாரு. கூட வந்தவரில்லன்னு அர்த்தம்னேன். அப்புறம், அதையே நான் சொல்லணும்னா எப்படிச் சொல்றதுன்னாரு. ‘என்கூட யாரும் வரல, நான் தனி ஆள்’னு சொல்லிக் கொடுத்தேன். தினமும் சொல்லிப் பழகினாரு.”

“எதுக்காம்?” என்றான்.

“காய் வாங்கத் தனியாப் போறப்ப யாராவது கேட்டா சொல்றதுக்காம். உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம்.”

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அவள் ஏதாவது கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேனாப்பா?”

“இல்லம்மா. சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்க.”

நர்ஸ் வந்து, முகம் பார்க்க முதலில் ஒருவர் உள்ளே வரலாம் என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி எழுந்து போனாள்.