ஒன்பதில் கடைசி மூன்று

14-9-2025, ஞாயிறு

முதலில் ஒரு திருத்தம். கோரா என்ற ஆப்பிரிக்க வாத்தியத்தின் குடம் பூசணிக்காய் என்று நேற்று எழுதியிருந்தேன். இன்று தொட்டுப் பார்த்தேன்; சுரைக்குடுக்கை. மேடையிலும் பூசணி என்றே அறிவித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பேசியதை யாரும் கேட்கவே இல்லை என்றுதான் தோன்றியது.

கச்சேரி ஓசூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். மாலி நாட்டுப் பகாரி கோரா வாசித்தார். கிரேக்க நாட்டு எலெனி, தொடைமேல் நிறுத்தி வில்லால் இழுக்கும் லீரா. என்னை அறிவிப்பாளராக்கியவர் மாலை நேர ஆங்கில வகுப்பின் கமலக்கண்ணன் சார். "தப்பா பேசினாலும் சத்தமா பேசு சுப்ரியா" என்பது அவர் பாடமுறை. செலவில் எங்கள் கம்பெனிக்கும் பங்கு உண்டு. அதனால் என்னோடு கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து பின்வரிசைகளை நிரப்பினார்கள். முன்னால் விருந்தினர்களுக்கு சோபா.

அந்த விருந்தினர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள், பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். விடுதிக் கதவை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். முதல் தந்தி ஒலிக்கும்போதே ஏழு தாண்டிவிட்டது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் எச்.ஆர். விஜயகுமார் சார் மேடை ஓரத்துக்கு வந்தார்.

"ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் பஸ்ஸுல ஏறணும்னு மைக்ல சொல்லிடு."

"இப்பத்தானே சார் ஆரம்பிச்சாங்க."

"போட்டோவுக்குக் கூட்டம் வேணும்னு கூட்டிட்டு வந்தோம். போட்டோ எடுத்தாச்சு. பர்மனன்ட் லிஸ்ட் நாளைக்குத்தான் கையெழுத்தாகுது. உன் பேரு அதுல இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என் பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மைக்கை எடுத்தேன். 'தோழிகளே' என்று தொடங்குவதா, 'விடுதிப் பெண்கள் கவனத்துக்கு' என்று தொடங்குவதா என்று யோசித்தேன். சொல்லத்தான் இருந்தேன். அதை இங்கே மறைக்க வேண்டாம்.

அதற்குள் எலெனி என்னைக் கூப்பிட்டார். அடுத்த பாட்டு ஒன்பது எண்ணிக்கை. அவை கைதட்ட வேண்டும். கோரா அந்த ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரித்து ஓடும். லீராவோ இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. லீராவோடு சேர்ந்து தட்டச் சொல் என்று தட்டிக் காட்டினார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது தொழிற்சாலையில் எங்கள் உற்பத்தி லைனின் காலைக் கூட்டத் தட்டு. தினமும் வேலை தொடங்குமுன் வரிசையில் நிறுத்துவார்கள்; முறை வைத்து ஒருத்தி சொல்லச் சொல்ல மற்றவர்கள் தட்ட வேண்டும். பாதுகாப்புக்கு இரண்டு, தரத்துக்கு இரண்டு, உற்பத்திக்கு இரண்டு, கம்பெனிக்கு மூன்று. சத்தம் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து.

எலெனி சொன்னதைத் தமிழில் சொன்னேன். முன்வரிசையினர் நான்கு நான்காகத் தட்டினார்கள், குழம்பினார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எலெனி வில்லை நிறுத்திவிட்டார். விஜயகுமார் சார் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

மைக்கில் சொன்னேன்: "ரெண்டாம் லைன், எழுந்திரிங்க. காலைல தட்டுற தட்டு."

பின்னாலிருந்து திருநெல்வேலி மோகனப்ரியாவின் குரல் வந்தது. "ஏட்டி, ஞாயித்துக்கிழமையுமா? ஓ.டி. போடுவாகளா?"

சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். தட்டினார்கள். முதல் சுற்றிலேயே பிசகில்லை. பகாரி தலை நிமிர்ந்து பார்த்தார். கோரா ஒரு வழியில் ஓடியது, லீரா இன்னொரு வழியில் ஏறியது. ஒவ்வொரு ஒன்பதின் முடிவிலும் இரண்டும் எங்கள் கைகளில் வந்து சேர்ந்தன.

விஜயகுமார் சார் மேடைக்கே ஏறிவிட்டார். "அனவுன்ஸ் பண்ணுன்னேன்ல?"

"மாட்டேன் சார். நீங்களே சொல்லுங்க."

மைக்கைக் கொடுத்தேன். "ஹாஸ்டல் கேர்ள்ஸ், பஸ்ஸு..." என்றார். மிச்சம் கைதட்டில் அமுங்கிப் போயிற்று. மறுபடி சொன்னார். மோகனப்ரியா நாற்காலி மேல் ஏறினாள்.

"கடைசி மூணு இன்னைக்குக் கம்பெனிக்கு இல்லட்டி! நமக்கு!"

அந்த மூன்றும் தகரக் கூரையில் மோதின. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அவை மட்டும் கூடுதலாக மோதின. சார் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்.

பஸ் ஓட்டும் சூளகிரி திம்மராயன் அண்ணன் உள்ளே வந்தார். "ஏம்மா, வண்டி ஸ்டார்ட்டுல நிக்குது. டீசலு உங்கப்பனா ஊத்துவான்?"

"உக்காருண்ணா. நாங்க இல்லாம காலி பஸ்ஸயா ஓட்டப் போற?" என்றாள் எங்கள் லைன் மாதேஸ்வரி.

வெளியே போனார். இன்ஜின் அணைந்தது. சாவியோடு திரும்பி வந்து நாற்காலி முதுகில் தட்டத் தொடங்கினார். கடைசி வரை அந்த மூன்று அவருக்குப் பிடிபடவில்லை.

கச்சேரி முழுதும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். விடுதிக் கதவு பூட்டியிருந்தது. யாரும் கெஞ்சவில்லை. தெருவில் நின்று ஒன்பது தட்டினோம். பக்கத்து வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியதும் வார்டன் காளியம்மாள் திட்டிக்கொண்டே திறந்தார்.

பஸ் ஏறும்போது விஜயகுமார் சார், "நாளைக்கு ஷிஃப்டுக்கு முன்னாடி என் ரூமுக்கு வா" என்று மட்டும் சொல்லியிருந்தார். பெயர் பட்டியலில் இருக்குமா என்று தெரியவில்லை. மேடையில் என் குரல் நடுங்கியதா என்று மோகனப்ரியாவிடம் கேட்டேன்.

"நடுங்கத்தான் செஞ்சிச்சு. அதுக்கென்ன, எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா?"

நாளை: முதலில் எச்.ஆர். அறை. மன்னிப்பு எழுதித் தரச் சொன்னால் எழுதக் கூடாது. பிறகு, உள்ளே விட்டால், லைன் கூட்டம். தட்டைத் தொடங்கி வைப்பது நாளை என் முறை. கடைசி மூன்றை 'நமக்கு' என்று சொல்ல வேண்டும்.