மயங்காத உடம்பு

குணாளனுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. பாதியில் விழித்துக்கொண்டால் என்ன ஆவது என்பதுதான் பயம். "கெத்தும் குடிக்கிற உடம்புல மயக்க மருந்து நிக்காதுண்ணே. பாதியில முழிப்பு வந்துரும். கத்தவும் முடியாது, கையத் தூக்கவும் முடியாது" என்று லோரி ஓட்டும் காளிதாசன் சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

குணாளனும் லோரிக்காரன்தான். மெர்போக் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி நாளுக்கு நாலு நடை. அலுப்புத் தெரியாமலிருக்க, கெத்தும் என்ற போதை இலையைக் காய்ச்சி யாரோ மறைவாக விற்கும் கசப்புத் தண்ணியைத் தினமும் மூன்று பாக்கெட் குடித்துவந்தான். போலீஸ் பிடித்தால் கேஸ். அதைவிடப் பெரிய போலீஸ் வீட்டில் இருந்தாள். அவன் மனைவி புஷ்பவள்ளி, இதே தண்ணியைக் குடித்ததற்காகக் கூடப்பிறந்த தம்பி புவனேசனையே வீட்டை விட்டுத் துரத்தியவள். அன்று அவள் பக்கம் நின்று அதிகமாகக் கத்தியது குணாளன்.

பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு நாளாயிற்று. அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம் மயக்க மருந்து கொடுக்கும் மலாய்க்கார டாக்டரம்மா வந்து, வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்று விசாரித்தார். புஷ்பவள்ளி முந்திக்கொண்டு, தன் புருஷன் தேத்தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். குணாளன் ஜன்னலைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கெத்தும் தண்ணி இறங்காத உடம்பில் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. கால் இழுத்தது, முதுகு வியர்த்தது. படுத்தான், எழுந்தான், நடந்தான், மறுபடி படுத்தான். பயக் காய்ச்சல் என்று அவள் திருநீறு பூசிவிட்டாள்.

காலையில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை அறை வாசலில் அதே டாக்டரம்மா தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி கேட்டார். புஷ்பவள்ளி அவன் கையைப் பிடித்திருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் குணாளன் மலாயில் சொல்லிவிட்டான்: கெத்தும், தினமும் மூன்று பாக்கெட், எட்டு வருடமாக.

டாக்டரம்மா முகம் மாறவில்லை. கடைசியாக எப்போது குடித்தான் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதற்கேற்ப மருந்தை மாற்றிக்கொள்ளலாம், எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறான் என்று காட்டும் கருவியை நெற்றியில் ஒட்டிவிடுவோம், இப்போதாவது சொன்னது நல்லது என்றார்.

புஷ்பவள்ளியின் கைதான் விலகிப்போயிற்று. கட்டில் உள்ளே போய்க் கதவு மூடியது.

கண் திறந்தபோது மேலே வெள்ளைக் கூரை. தொண்டை வறண்டிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தான், வரவில்லை. வயிற்றில் ஏதோ சுருக்கென்றது. முடிந்துவிட்டதா, இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறார்களா? கத்த நினைத்தான். சத்தம் எழவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது.

"எட்டு வருஷம்லா" என்றது காதருகே ஒரு குரல். "என் கூடப்பொறந்தவன வெளிய தொரத்திட்டு, உங்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். கண்ண மூடாதீங்க. முழிச்சது எனக்குத் தெரியும்."

அவள் நிறுத்தவில்லை. குணாளன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சு மெல்ல அடங்கியது. அறுவை அறைக்குள் அவளை விடமாட்டார்கள்.