மாமா துடைத்த சிவப்பு

அக்கா புருஷன் போட்டோ ஸ்டுடியோக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவரிடம் தப்பாது. சொந்த மகள் மட்டும் தப்புவாளா?

ஆறு மாதக் குழந்தை, அவளை நாங்கள் உருண்டை என்போம். இடது இமையில் செக்கச்செவேலென்று ஒரு மேடு, ரத்தக்குழாய்க் கட்டி. இப்போது கண்ணைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது.

"பொறக்கும்போதே இருந்துச்சா, அப்புறம் வந்து வளர்ந்துச்சா?" கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "ரெண்டும் வேற வேற. வளர்ற வகைன்னா இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம்."

"பொறக்கும்போதே இருந்துச்சு" என்றார் மாமா.

"வாய்க்கு வந்தத சொல்லாதீங்க. கொசு கடிச்ச மாதிரி அப்புறமாத்தான் வந்துச்சு" என்றாள் அக்கா.

"போட்டோ இருக்குமே?" என்றார் டாக்டரம்மா.

இல்லாமலா! மாமா போனை நீட்டினார். எட்டிப் பார்த்த எனக்கே திக்கென்றது. எல்லாப் படத்திலும் இமை பளிச்சென்று இருந்தது. வலது இமையை எடுத்துத் திருப்பி இடதில் ஒட்டியிருக்கிறார். பாவி மனுஷன், ஒட்டே தெரியவில்லை.

"ஒரிஜினல்?"

"அழிச்சிட்டேன் மேடம். கடையில அப்படித்தான். பழச பாத்தா கஸ்டமர் மனசு கஷ்டப்படுவாங்க..."

"நம்ம புள்ள என்ன கஸ்டமரா?" அக்காவின் குரல் உடைந்தது.

"உன் போன்ல இல்லியாக்கா?" என்றேன்.

"எடுக்க விட்டாத்தானே? 'உனக்கு கை ஆடும்'னு புடுங்கிக்குவாரு."

டாக்டரம்மா உருண்டையின் இடது கண்ணைக் கையால் மறைத்தார். அவள் பாட்டுக்குச் சிரித்தாள். வலது கண்ணை மறைத்ததும் வீறிட்டு அந்தக் கையைத் தள்ளினாள்.



"மூடிக் கிடக்கிற கண்ணு பாக்கக் கத்துக்காதும்மா" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "எந்த வகைன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது, ஸ்கேன் பாத்துட்டுத்தான். குழந்தைக்கு மயக்கம் குடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கணும், தேதி கிடைக்க நாளாகும்."

"அதுக்குள்ள கண்ணு?" என்றாள் அக்கா.

"இப்ப சொல்ல முடியாது. இன்னைக்கு இருக்கிறத ஒரு படம் எடுத்து வைங்க."

மாமா மகளின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பழக்கதோஷம், நல்ல பக்கம்தான் முன்னால் வந்தது. அக்கா தாடையைப் பிடித்து நேராக்கினாள். திரை முழுக்கச் சிவப்பு. மாமாவின் விரல் அப்படியே நின்றது.

"எடுங்க" என்றாள் அக்கா.

எடுத்தார். எடுத்த வேகத்தில் கட்டைவிரல் தானாகவே படத்தைத் திருத்தும் பட்டனுக்குப் போனது.

அக்கா போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.