மௌன நாளில் புழுங்கிய கொக்கோ

1
மழைக்காலம் விடைபெறத் தயங்கி நிற்கிறது. மேற்குப் பாலியின் குன்றுகளில் முகில் இறங்கி, கொக்கோ இலைகள்மேல் நெடுநேரம் அமர்ந்து, சொல்லாமலே எழுந்து போகிறது. ஈரம் மண்ணுக்கு மட்டுமன்று, மனத்துக்கும்...

(இவ்வளவு கனமாகத் தொடங்கியதைப் பொறுத்தருள்க. இக்கதை பிறந்தது ஒரு வாய்ச்சண்டையில்.)

2
சுக்ரெனி எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவி. இதுவரை கொக்கோ விதையைப் புளிக்கவைக்காமலே உலர்த்தி வெளியூர் வியாபாரிக்கு விற்றோம். அது சாக்லேட் ஆனது வேறெங்கோ. இனி ஊரிலேயே அரைவை ஆலை வைக்கலாம் என்றாள் அவள். ஆனால் புளித்த விதையில்தான் சாக்லேட் மணம் பிறக்கும். முதற்பெட்டி விதை நன்கு புளித்துத் தேறினால் மட்டுமே ஆலையில் பங்கு சேர்வோம் என்றது ஊர்மன்றம்.

விதை புளிக்கும் மரப்பெட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறவேண்டும். மழையால் அறுவடை தள்ளிப்போக, கிளறும் நாள் நியெப்பியன்று வந்து விழுந்தது: விடியல் முதல் மறுவிடியல் வரை நெருப்பு, வேலை, நடமாட்டம் அனைத்தும் துறந்து ஊரே அடங்கும் நாள்.

3
முந்தைய மாலை. நோன்பு மீறுவோரைப் பிடிக்கும் அவ்வாண்டுக் காவலன் அவள் கொழுந்தன் ரெந்தி.

"அண்ணி, நாளைக்கு வாசல்ல உங்க தலை தெரிஞ்சா, சொந்தம்னு பாக்கமாட்டேன். மன்றத்துல நிறுத்திருவேன்."

"அப்ப பெட்டிய யாரு கெளறுவா? உன் மீசையா?"

"ஒருநாள் கெளறாட்டி என்ன?"

"நடுவுல வெந்து, ஓரத்துல பூஞ்சை புடிச்சுரும். உன் கல்யாணச் சோறு மாதிரி."

"அந்தச் சோத்த வடிச்சதே நீங்கதான், அண்ணி!"

4
முதல் வரைவு: சுக்ரெனி வேலியைத் தாண்டி, ஒருவரும் அறியாமல்... இல்லை. நோன்பை மீறுபவள் அல்லள் அவள், நான்தான் ஐயுற்றேன்.

இரண்டாம் வரைவு: காவலனே களவாகக் கிளறுகிறான். அழகுதான், ஆனால் அவனுக்குக் கிளறத் தெரியாது.

நடந்தது இது: நியெப்பி விடியுமுன் அனைவரும் கூடி முன்கூட்டியே கிளறினோம். வாழையிலை மூடிச் சாக்கு போர்த்தி, வீடு புகுந்தோம். ஊர் அடங்கியது, பெட்டி மட்டும் நெருப்பின்றியே உள்ளே கொதித்தது.*

* அன்று வேலை செய்தது அதுவொன்றே. ரெந்தி அதைப் பிடித்து மன்றத்தில் நிறுத்தவில்லை.

5
பின்னர் விதை புளித்து, உலர்ந்து, மன்றத்தார்முன் வந்தது. பிளந்தால் உள்ளே பழுப்பெனில் நன்கு புளித்தது, ஆலை. ஊதாவெனில் புளிக்கவில்லை, மீண்டும் வியாபாரி.

"சீக்கிரம் வெட்டுங்க அண்ணி, உசுரு போகுது!"

"இருடா."

பழுப்பென்று எழுதிப் பார்த்தேன், கை கூசிற்று. ஊதாவென்று எழுத மனம் வரவில்லை. ஆகவே கத்தியை உம்மிடமே தருகிறேன், வாசகரே. சற்றே பொறுத்துப் பிளப்பீராக. சுக்ரெனி இன்னும் எழவில்லை: பூ நிறைந்த ஓலைத்தட்டை விதைகளின்முன் வைத்து, நீர் தெளித்து, கண்மூடிக் கைகுவித்திருக்கிறாள்.

விளைத்த மண் வாழ்க. பிளக்கும் கை வாழ்க. சுவைக்கும் நாவெல்லாம் இனிது நீடு வாழ்க.