மருமகள் பங்குக்கு வந்த ஓட்டை

கேக்கைத் தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அதன் நடுவில் இருந்த ஓட்டை மேசையை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. ஒரு சாண் உயரம், தேநீர்க் குவளை அகலம், உள்ளே இருட்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் கிணறு. மேசை துடைக்க வந்த மாமியார் ஈரத்துணியை அதன்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். துணி போய்விட்டது. விழுந்த சத்தம் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த வீட்டு மருமகளைத் தெருவில் எல்லோரும் பல்செட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர் ஒருவரிடம் பல்செட் செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு. ஊரில் பாதி வயசாளிகள் அவள் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள், சிரிக்கிறார்கள், மருமகள்களைத் திட்டுகிறார்கள். சொந்த மாமனாருக்கும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவள் கைவேலைதான். அவள் புருஷனுக்குப் பேருந்துப் பணிமனையில் வண்டிகள் எப்போது கிளம்பின, எப்போது வந்தன என்று எழுதும் உத்தியோகம். வண்டி தாமதமானால் ஏன் என்று கேட்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பழக்கமே அவனுக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது, எதையும் கேட்கமாட்டான்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவள் சாக்லேட் கேக் செய்வாள். தன் முதல் சம்பளத்தில் வாங்கிய அச்சு அது: கனத்த அலுமினியம், நடுவில் குழாய், சுற்றிலும் பன்னிரண்டு மடிப்பு. கடைக்காரர் பண்ட் கேக் அச்சு என்று சொல்லிக் கொடுத்தாராம்; தெருவில் அதற்கு ஓட்டை கேக் என்று பெயர். டாக்டருக்கு மாதிரியாக வரும் புது டூத்பிரஷ்ஷை எடுத்து, உருக்கிய வெண்ணெயை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் தடவுவாள். மைதா தூவினால் கறுத்த கேக்கில் வெள்ளைத் தேமல் விழும் என்று கோகோ தூளையே தூவித் தட்டுவாள். கொதிக்கும் கறுப்புக் காபியில் கோகோவைக் கரைத்து, சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டு, பளபளவென்று தார் போல ஆகும்வரை கிண்டுவாள். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடிப்பாள். பிறகு முட்டை ஒவ்வொன்றாக, ஒரு கிண்ணம் தயிர், மைதா. ஐம்பது நிமிடம் வேக வேண்டும். எடுத்ததும் கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறவிட்டால் ஒட்டும். பத்து நிமிடத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே அச்சு தன் பிடியை விடுகிற ஒரு கணம் உண்டு. அது அவள் விரலுக்குத் தெரியும். நாள் முழுக்கப் பல் அச்சோடு மல்லுக்கட்டுகிறவள் ஆயிற்றே.

இத்தனையும் தெரிந்தவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: அதன் ருசி. ஒன்பது வருடத்தில் ஒரு துண்டு அவள் வாய்க்குள் போனதில்லை. முதல் வருடம், முதல் கேக். மாமியார் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு?" என்றார். வந்து பத்து நாள் ஆன மருமகள் உடனே தட்டை நீட்டிவிட முடியுமா? "எனக்கு வேண்டாம் அத்தை, நீங்க சாப்பிடுங்க" என்றாள். முதல் 'வேண்டாம்' என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் தரம் கேட்பார்கள். அப்போதும் தலையை ஆட்ட வேண்டும். மூன்றாம் தரம், "அட, சும்மா வாங்கிக்கோ" என்று கையில் திணிப்பார்கள். அதற்குப் பிறகு வாங்குவதுதான் மரியாதை. இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மாமியார் இரண்டாம் தரம் கேட்கவில்லை. "அவளுக்கு இனிப்புன்னா ஆகாது" என்று அன்றே தீர்ப்பு எழுதி, அந்தத் துண்டைத் தானே எடுத்துக்கொண்டார். மாமனாருக்கு இரண்டு, மாமியாருக்கு இரண்டு, புருஷனுக்கு இரண்டு, கொழுந்தனுக்கு மூன்று, வாராவாரம் வந்துவிடுகிற நாத்தனாருக்கு ஒன்று, அவள் வீட்டுக்காரருக்கு ஒன்று, அவர்கள் எடுத்துப்போகப் பொட்டலத்தில் ஒன்று. பன்னிரண்டு மடிப்பும் தீர்ந்தது. மாவுக் கரண்டியை நக்கினால் எச்சில் என்றார்கள். தட்டில் கிடந்த தூளை எறும்புக்கு விடு, புண்ணியம் என்றார்கள். எறும்புக்கு இனிப்பு ஆகும் போலிருக்கிறது.

சம்பவம் நடந்த ஞாயிறன்று, கொழுந்தன் மூன்றாவது துண்டை விழுங்கி, விரலை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, "அண்ணி, உங்க பங்கு பத்திரமா நடுவுல இருக்கு பாருங்க. ஒருத்தரும் கை வைக்கல" என்றான். வீடே சிரித்தது. மாமனார் சிரித்த சிரிப்பில் பல்செட் நழுவிக் கையில் விழுந்தது. அவள் செய்த பல்லால் அவள் செய்த கேக்கை மென்றுவிட்டு அவளைப் பார்த்தே சிரித்தார் மனுஷன். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். புருஷனும் சிரித்தான். சின்னச் சிரிப்புத்தான், உதட்டோரத்தில். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சரி. அது எனக்கு" என்றாள்.

கத்தியிருந்தால் தெருவுக்கு ஒரு மணி நேரம் பொழுது போயிருக்கும். அவள் கத்தவில்லை. தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள். திரும்பி வந்து பார்த்தால் ஓட்டை அங்கேயே இருந்தது.

மாமனார் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளக்காமல் விடமாட்டார். டார்ச் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். கயிறு இருபத்தாறு மீட்டர் போயிற்று. இழுத்துப் பார்த்தால் விளக்கு இல்லை, கயிற்று நுனியில் கோகோ வாசனை. கொழுந்தன் சிமெண்ட் குழைத்து ஊற்றினான். மூன்று மூட்டை வாங்கிக்கொண்டு ஓட்டை அப்படியே இருந்தது. மேசையை நகர்த்தினார்கள், மேசை வந்தது, ஓட்டை நின்ற இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. யார் கைக்கும் அது பிடிபடவில்லை. திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது பல்செட்டுக்காரி வளையல் போடுகிற மாதிரி அதற்குள் கையை விட்டாள். அது மணிக்கட்டில் வந்து நின்றது. கழற்றிச் சமையலறையில் சல்லடைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் வழக்கம்போல் கேக் செய்தாள். அதே அளவு, அதே ஐம்பது நிமிடம். அச்சில் குழாய் இருந்தது, கவிழ்த்தால் கேக்கில் ஓட்டை இல்லை. நடுவிலும் கேக்காகவே இருந்தது. ஆகா, ஒரு வாய் கூடுதலாயிற்றே என்று கொழுந்தன் பாய்ந்து வெட்டினான். உள்ளே மாவு பச்சையாக, சேறு மாதிரி வழிந்தது. நடுவில் சூடு போவதற்காகத்தான் அந்த ஓட்டையே. அது இல்லாவிட்டால் ஓரம் கருகும், உள்ளே வேகாது. இந்தச் சின்ன விஷயம் ஒன்பது வருடமாகத் தின்ற ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. "என்னம்மா இது?" என்றார் மாமனார். "ஓட்டை என் பங்குன்னீங்க, நான் எடுத்துக்கிட்டேன். மிச்சமெல்லாம் உங்களோடதுதான். சாப்பிடுங்க" என்றாள்.

இப்படியே இரண்டு வருடம் ஏழு மாதம் ஓடியது. அந்த வீட்டில் அடுப்பேறிய எல்லாக் கேக்கும் நடுவில் பச்சையாகவே இருந்தது. மாமியார் தன் கையால் செய்து பார்த்தார். நாத்தனார் புது அச்சு வாங்கி வந்தாள். பேராசையில் பச்சை மாவையும் விடாமல் தின்று கொழுந்தனுக்கு மாதம் தவறாமல் வயிறு கடமுடா. பல்செட்டுக்காரியின் கோபம் மட்டும் நன்றாக வெந்துகொண்டிருந்தது. கொழுந்தன் பழைய நகைச்சுவையை இன்னொரு தரம் சொன்ன அன்று அவன் மோட்டார் சைக்கிள் சாவி ஓட்டைக்குள் போயிற்று. நாத்தனாரின் பொட்டல டப்பா மூடியோடு போயிற்று. "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த மாமியார் வைத்த கையோடு, தொலைபேசியும் உள்ளே போயிற்று. ஒவ்வொன்றையும் அவள் எல்லோர் கண்முன்னாலும்தான் போட்டாள், குப்பைத்தொட்டியில் போடுகிற நிதானத்தோடு.

அப்போது மாமனாருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. பழைய அலுவலகத்து ஆட்கள் எட்டுப் பேரை அழைத்திருந்தார். ஒரு காலத்தில் அவர்களிடம் மருமகள் கேக்கைப் பற்றி வாய் ஓயாமல் அளந்திருந்ததால், பச்சை மாவை வைக்க முடியாது. நாத்தனார் தூது வந்தாள்.

"அண்ணி, ஒரே ஒரு நாளைக்கு அந்த ஓட்டையக் குடுங்களேன். கழுவித் திருப்பித் தந்துடறோம்."

"எனக்கு ஒரு துண்டு குடுத்திருக்கீங்களா இதுவரைக்கும்?"

"உனக்குத்தான் இனிப்பே பிடிக்காதே" என்றான் புருஷன், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

"யார் சொன்னா?"

"அம்மா சொன்னாங்க."

"அம்மாவுக்கு யார் சொன்னா?"

"ஏன்டிம்மா, நீதான வேண்டாம்னு சொன்ன?" என்றார் மாமியார்.

"ஒரு தடவ சொன்னேன் அத்தை. ஒரே ஒரு தடவ! மீட்டர் பாக்க வர்றவரு காபி வேண்டாம்னா மூணு தடவ கேக்கறீங்க. கேஸ் சிலிண்டர் போட வர்றவரக் கையப் பிடிச்சு உக்கார வைக்கறீங்க. என்னை மட்டும் ரெண்டாவது தடவ கேக்கறதுக்கு என்ன, வாய்க்கு வரியா போட்டிருக்காங்க? பதினோரு வருஷம் ஆச்சு. நான் வேண்டாம்னது ஒரு நிமிஷம். நீங்க கேக்காதது பதினோரு வருஷம்."

இது எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. கடைசியில் முதல் துண்டு அவளுக்குத்தான் என்று முடிவாயிற்று. விருந்தாளிகள் முன்னிலையில், புருஷன் கையால். அவளும் ஒத்துக்கொண்டாள்.

பிறந்தநாளன்று ஆணியிலிருந்து ஓட்டையை எடுத்துக் குழாயின்மேல் இறக்கி, மாவை ஊற்றினாள். வெந்து எடுத்த பதிமூன்றாவது நிமிடம் கவிழ்த்துத் தட்டினாள். பொத்தென்று வந்து உட்கார்ந்தது கேக்: பன்னிரண்டு மடிப்பும் கூர் மழுங்காமல், நடுவில் கணக்காக ஓட்டை. சுடச்சுடச் சாக்லேட் குழம்பை மேலே ஊற்றியபோது அது மடிப்புகளில் இறங்கிய அழகைப் பார்த்து விருந்தாளி ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். புருஷன் தொண்டையைக் கனைத்தான். கத்தியை எடுத்தான். "மொத துண்டு உனக்கு" என்றான்.

"எனக்கு வேண்டாங்க" என்றாள் அவள்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அதே குரல், அதே தணிவு. சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் அண்ணன் முதுகில் இடித்தாள். அவன் வாயைத் திறந்தான். கேட்கத்தான் திறந்தான் என்று அவன் இன்றும் சத்தியம் செய்கிறான். அதற்குள் மாமனார், "அதான் வேண்டாங்கறாளே. வெட்டுடா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றார். கத்தி இறங்கப் போயிற்று.

பல்செட்டுக்காரி குனிந்து ஓட்டையைத் தூக்கினாள். ஓட்டை அவளுடையது, எடுத்துக்கொண்டு போக அவளுக்கு உரிமை உண்டு. கேக் அதைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. எட்டு விருந்தாளிகளும் வீட்டு ஜனமும் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கட்டில் கேக்கோடு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். முதல் மடிப்பைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அவள் முகத்தில் தெரிந்த கோபம் அதுவரை தெருவில் யாரும் பார்த்திராதது. "உப்பு இல்ல" என்றாள் சத்தமாக. "ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கணும். இத்தன வருஷம் கொட்டிக்கிட்டதுல ஒருத்தருக்காவது நாக்கு இருந்துதா?" திட்டிக்கொண்டே இரண்டாவதைத் தின்றாள். மூன்றாவதில் கண் கலங்கிற்று. துடைத்துக்கொண்டு நாலாவதை எடுத்தாள். வேலிப்பக்கம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் நின்றார்கள். செடிகள் மூழ்கின. யாருக்கும் ஒரு தூள் கிடைக்கவில்லை.

பதினோராவது மடிப்பு முடிந்தபோது புருஷன் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கடைசி மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "வேணுமா?" என்றாள்.

இத்தனைக்கும் பிறகு சட்டென்று கை நீட்ட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "வேண்டாம், நீயே சாப்பிடு" என்றான்.

அவள் சாப்பிட்டாள்.

அதன் பிறகும் மாதாமாதம் கேக் உண்டு, உப்புப் போட்டு. அவளுக்கு மனசிருந்தால் ஓட்டையைத் தருவாள், கேக் வேகும். இல்லாவிட்டால் இல்லை. மற்ற நாட்களில் ஓட்டை ஆணியில் தொங்கும். போன வருடம் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வந்தவர் சமையலறைச் சுவருக்காகச் சல்லடையைக் கழற்றினார், கரண்டித் தாங்கியைக் கழற்றினார், அடுத்து ஓட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். உள்ளேயிருந்து மாமியார் ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, அதத் தொடாத! அது எங்க மருமகளோடது."

வண்ணம் அடிப்பவர் சரி என்று தலையை ஆட்டி, அந்த இடத்தை வட்டமாக விட்டுவிட்டு, மற்ற இடத்துக்கு இரண்டு பூச்சு அடித்துவிட்டுப் போனார்.