மூன்றாவது ஓலை

என் அண்ணன் ஜெபஸ்டின் ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றினான். அதனால் என் கல்யாணம் தடைப்பட்டது. இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். "அவன மாதிரி ஒருத்தன் பாளையங்கோட்டையில உண்டுமாட்டி?" என்பாள். இல்லைதான். இருந்திருந்தால் ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை உண்டோ என்று குருவானவர் கேட்பார். சபை பேசாமல் இருக்கும். தொண்ணூற்றைந்தில் அண்ணனுக்கும் கெசியாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. கெசியா சாத்தான்குளத்துப் பெண், அங்கேயே டீச்சர். மூன்றாவது ஓலைக்கு முன்னால் அவள் அண்ணனின் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். தனக்கு இந்தக் கல்யாணத்தில் மனசில்லை, வீட்டில் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை, நீங்களாவது சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

அண்ணன் சொன்னான். எப்படிச் சொன்னான் தெரியுமா? குருவானவர் வீட்டில் இரண்டு குடும்பமும் கூடியிருக்க, "எனக்கு வலிப்பு உண்டு. மறைச்சிட்டோம். பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான். இரண்டு ஓலை வாசித்தபின் பெண் வேண்டாம் என்றாள் என்றால் ஊர் அவளைச் சும்மா விடாதாம். அவனுக்குத் தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து எங்களிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். வெளியே மூச்சு விடக் கூடாது என்றான். அம்மா அழுதுகொண்டே அவன் தலையில் கைவைத்து ஜெபித்தாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறு வருஷம் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அக்கரை, ரயில் ஜங்ஷன் பக்கம். பெண் பார்க்க வந்தவர், "கொயர்ல பாடுவியாமே, எனக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டு ஓலை வாசித்தபின் அண்ணனின் வலிப்புக் கதை காதில் விழுந்து அவருடைய அப்பா ஞானசிகாமணி குருவானவரைத் தேடி வந்தார். அண்ணனுக்கு வலிப்பு என்றால் தங்கச்சிக்கு வராதா, நாளைக்குப் பிள்ளைகளுக்கு வராதா என்று கேட்டார். மூன்றாவது ஓலையை நிறுத்திவிட்டார்கள்.

"இப்பமாவது உண்மையச் சொல்லுண்ணே" என்றேன்.

"ஒரு பொம்பளப்பிள்ள பேரக் கெடுத்துட்டு ஒனக்குக் கல்யாணம் வேணுமாட்டி?"

"நானும் பொம்பளப்பிள்ளதானண்ணே."

அவன் சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனான். அவனுடைய வருத்தம் உண்மையானது. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிச் சாத்தான்குளம் போனேன். மதினி என்று கூப்பிட்டுப் பழகியவளை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். நடந்ததைச் சொன்னதும் கெசியாவின் முகம் கறுத்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு வலிப்பாம், தப்பிச்சோம்னு எங்கப்பா சொன்னாவ. நெசம்னுல்லா இருந்தேன்! அப்பம் நா வேண்டாம்னு சொல்லித்தான் கல்யாணம் நின்னுச்சுன்னு யாருக்குமே தெரியாது. இப்ப அடுத்த மாப்பிள்ளை பாத்துட்டாவ. இப்பவும் எனக்கு மனசில்ல. இப்பவும் ஒருத்தரும் கேக்கல."

சனிக்கிழமை அவள் வந்தாள். அதே குருவானவர் வீட்டில், எங்களுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னால் நின்று, "வேண்டாம்னு சொன்னது நாந்தான். இவுகளுக்கு வலிப்பு கிடையாது" என்றாள்.

அண்ணன் பதறிப்போனான். "ஒன்னயக் காப்பாத்தத்தான நா..."

"காப்பாத்துங்கன்னு நா கேக்கலிய. சொல்லிருங்கன்னுதான கேட்டேன்."

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள். "என்ன நெஞ்சழுத்தம்" என்று ஞானசிகாமணி முணுமுணுத்தார். பிறகு முகம் மலர்ந்து, "அப்பம் தடை ஒண்ணும் இல்ல, நாளைக்கே வாசிச்சிரலாம்" என்றார். மாப்பிள்ளை என் பக்கம் வந்து பைய சொன்னார்:

"சீக்கு இருந்தாலும் ஒனக்கு வாழ்க்கை குடுக்கணும்னுதான் நா இருந்தேன், கரோலின்."

"அதை அப்பாட்ட சொன்னியளா?"

"அவுக பேச்ச எப்படி மீறுதது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்திலும் பிடித்திருந்தது. ஆனால் எனக்காக மனசுக்குள்ளேயே பெரிய மனுஷனாக இருந்துகொண்டு வெளியே வாயைத் திறக்காத ஒருத்தரோடு காலம் முழுக்க இருக்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

அப்பா இல்லாத வீடு என்பதால் குருவானவர் அண்ணனைப் பார்த்து, "நாளைக்கு வாசிக்கலாமா?" என்று கேட்டார். அண்ணன் சரி என்று சொல்ல வாயெடுத்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். கிட்டே வந்தான்.

"நா என்ன சொல்லட்டும், கரோலின்?"

அவன் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு மனசில்லன்னு சொல்லுண்ணே."

"ஏட்டி!" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். அண்ணன் தவித்தான். "வேற ஏதாவது சொல்லிக்கிடுதேனே. எம்மேல போட்டுக்கிடுதேன்" என்றான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அவன் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். வலிப்பு என்று சொன்னபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

"என் தங்கச்சிக்கு மனசில்ல" என்றான்.

அதோடு வேறு ஒரு வார்த்தையும் அவன் சேர்க்கவில்லை.