பதினெட்டாவது படம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் போனில் கேமரா நன்றாக இருப்பதுதான். வேறு திறமை எதுவும் இல்லை. ஆம்பூரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே பொன்மலர் அக்காவும் தேவானந்தம் அண்ணனும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா படியேறி வந்து, "டீச்சர், வூட்லயே என்னை ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் பொன்மலரின் முகம்...'

படித்துக் காட்டியபோது அக்கா அங்கேயே நிறுத்திவிட்டார். "மூஞ்சில இருந்து இன்னாத்துக்கு ஆரம்பிக்கிறீங்க? முகவாதம் வந்துச்சு, இடது பக்கம் முழுசா சரியாகலைன்னு ஒரு வரி எழுதுங்க. போதும்."

அந்த ஒரு வரியை எழுதியாயிற்று. மேலே இருக்கிறது.

2

மகள் இவாஞ்சலின் ஜெர்மனியில் நர்ஸ். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். உதவிக்கு அக்கா போக வேண்டும். விசாவுக்குப் புதுப் படம் கேட்டார்கள்; திங்கட்கிழமை காலை சென்னைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பஜார் ஸ்டுடியோவில் "வாயை நேரா வைங்கம்மா" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார் ஸ்டுடியோக்காரர். பிறகு கம்ப்யூட்டரில் அவரே நேராக்கிவிட்டார். வலது பாதியை எடுத்து இடது பக்கம் ஒட்டி, எட்டுப் படம் கையில் கொடுத்திருக்கிறார்.

[அவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். வரவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.]

"இவ யாரு டீச்சர்? எனக்கே தெர்ல." ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருந்தவர் அக்கா. இடதும் வலதும் சேராவிட்டால் ரிஜெக்ட் போடுவதுதான் வேலை. "ஜோடி கரெக்டா சேர்ந்திருக்கு. ஆனா என் மூஞ்சி இல்ல. மாத்தின படம்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஜெர்மனிலேர்ந்து பாப்பா வேற சொல்லுது."

3

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளை பெட்ஷீட்டை ஆணியடித்துத் தொங்கவிட்டோம். முதல் படத்தில் பெட்ஷீட் முழுக்கச் சுருக்கம். அக்கா அதைக் கழற்றி இஸ்திரி போட்டார். இரண்டாவதில் காதுக்குப் பின்னால் நிழல். டி.வி. வந்த பெட்டியிலிருந்து தெர்மாகோல் அட்டையைக் கொண்டுவந்து, வெளிச்சம் திரும்பி விழும்படி பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார் அண்ணன். நிழல் போயிற்று.

மூன்றிலிருந்து பதினாறு வரை ஒரே குறைதான். "நேரா பாருங்க அக்கா" என்பேன். பார்ப்பார். என் விரல் திரையைத் தொடும் நேரத்தில் தலை தானாகத் திரும்பி, இடது காது மறைந்துவிடும்.

"போதும் டீச்சர், பேஜாராப் போச்சு. நான் வரலைன்னு பாப்பாகிட்ட சொல்லிடறேன்." எழுந்துவிட்டார்.

4

இந்த இடத்தில் அண்ணனுக்கு அழகான வசனம் ஒன்று எழுதினேன். 'நீ எப்படி இருந்தாலும் எனக்கு...' அடித்துவிட்டேன். தோல் கிடங்கில் லோடு எண்ணுகிற அந்த மனிதர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அட்டையை நாற்காலியில் சாய்த்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அவர் சொன்னது இதுதான்:

"ஒரு வருஷமா சாப்பிடறப்போ, சர்ச்சுல, எங்க உக்காந்தாலும் எனக்கு வலது பக்கம்தான் காட்டற. நான் இன்னான்னு கேட்டேனா? கேமராவ வுடு. என்னைப் பாரு மலரு. இப்பவாச்சும் நேரா பாரு."

அக்கா உடனே உட்காரவில்லை. பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தார். பிறகு உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே பார்த்தார். பதினேழாவது படத்தில் இரண்டு காதும் தெரிந்தன.

"கண்ணாடி போட்டுட்டு வந்திருக்கணும். ஒண்ணும் தெர்ல," என்றார் அண்ணன்.

அக்கா சிரித்துவிட்டார். என் விரல் இன்னொரு முறை பட்டது. பதினெட்டு.

(அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.)

5

பதினேழாவது படத்தைச் சென்னையில் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளம்புகிறார், மூன்று மாதத்துக்கு. அண்ணனுக்கு லீவு இல்லை. கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் பதினெட்டாவதை "அழிச்சிடுங்க டீச்சர்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார் அக்கா. நானும் சரி என்றேன். நேற்று அண்ணன் மேலே வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றார். "அந்தச் சிரிச்ச படம் இருக்குதா டீச்சர்? மூணு மாசம் தனியா இருக்கணும். வாட்ஸ்அப்ல போட்டுடுங்களேன்."

"பாக்கறேன் அண்ணா" என்றேன்.

அழித்ததாக எழுதிப் பார்த்தேன்: 'அக்காவின் வார்த்தையை மதித்து...' பொய். அனுப்பியதாக எழுதிப் பார்த்தேன்: 'அண்ணனின் போன் ஒலித்தபோது...' அதுவும் பொய். அக்காவிடமே கேட்டுவிடலாம்தான். அப்படியென்றால் இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்து தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். இந்த ஐந்தாம் பகுதியை இன்னும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

கீழே பெட்டியை எடை போடுகிறார்கள். ஜாஸ்தி போகிறது என்கிறார் அண்ணன். ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்க மாட்டேன் என்கிறார் அக்கா. இங்கே படம் திறந்திருக்கிறது. ஒரு மூலையில் அழிக்கும் குறி, இன்னொரு மூலையில் அனுப்பும் குறி.

போனை உங்களிடம் நீட்டுகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள், திரை அணைவதற்குள்.